வேற்றுநாட்டு வழிப்போக்கனும் மதுவும்

விருந்தோம்புவானுக்குரிய கடமைகளை நம் முன்னோர் பலபட விரித்துக் கூறியிருக்கின்றனர். விருந்தாய்ச் செல்வானுக்கும் கடமைகள் உள என்பதை நாம் அத்துணை ஆராய்வதில்லை. திருவள்ளுவனார் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தருளினார். இவ்விரு பொருள்களும் ஒருங்கே வந்து எதிர்ப்படும் இடமொன்று இக்காலத்தில் உளது. முஸ்லிம்கள் பெரும்பான்மையராக வாழும் நாடொன்றிற்குச் செல்லும் பிற சமயத்தான் ஆங்கு மதுவை விலைகொடுத்து வாங்குவதும் அருந்துவதும் தகுமா, தகாதா என்பதே அது. நம் கல்லூரியிற் பயின்று வெளியேறியோருட் பலர் துபாயிலும் குவைத்திலும் மஸ்கத்திலும் மாலத்தீவிலும் தொழில் செய்து வாழ்கின்றனர். இன்று வகுப்பறையில் அமர்ந்திருப்போருட் பலர் நாளை அங்கெல்லாம் செல்லக்கூடியவர். ஆதலின் இதனை ஈண்டு ஆராய்வது வீண் வேலை ஆகாது.

இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் எப்போதும் ஆயத்தமாக நிற்கின்றன. "அந்நாடுகளில் மதுவைத் தொட்டவனுக்குச் சிறையே கதி" என்பார் ஒரு சாரார். "பணம் இருந்தால் அங்கே கிடைக்காதது ஒன்றில்லை, சட்டமெல்லாம் ஏட்டளவே" என்பார் மற்றொரு சாரார். முன்னவர் அச்சத்தாற் பேசுகின்றனர். பின்னவர் அலட்சியத்தாற் பேசுகின்றனர். நாம் கருதுவது இது. சட்டம் இடங்கொடுத்தவிடத்து அளவோடு அருந்துவது அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது. சட்டம் இடங்கொடாதவிடத்து ஒரு துளியையும் தேடலாகாது. என்னை? அங்ஙனம் தேடிப் பெற்ற புட்டியின் முழுவிலையை வாங்கினவன் கொடுப்பதில்லை. அவனினும் எளியவன் ஒருவனே அதனைக் கொடுக்கிறான். இக்கருத்தை நிலைநாட்டுதற்கு முதற்கண் உண்மை நிலையைச் சிறிது காண்போம்.

முஸ்லிம் நாடு என்று நாம் ஒரு சொல்லால் வழங்குவன பல நாடுகள். மதுவை விலக்கும் கட்டளை குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் உளது. அது முஸ்லிம்கள் அனைவருக்கும் பொது. ஆயின் அக்கட்டளையை அரசாங்கச் சட்டமாக ஆக்குவதா, ஆக்கினால் அதனைப் பிற சமயத்தார்மேலும் செலுத்துவதா என்பவற்றில் நாட்டுக்கு நாடு வேற்றுமை உண்டு. துருக்கி நாட்டுத் தேசிய மகாசபை 1920-ஆம் ஆண்டில் மதுவிலக்குச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1924-ஆம் ஆண்டிலேயே அதனைத் தளர்த்திவிட்டது. இன்று அந்நாட்டில் சோம்பு மணக்கும் ராக்கி என்னும் மது கடைகளில் வெளிப்படையாக விற்கப்படுகிறது. ஆனால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு பத்து மணி முதற் காலை ஆறு மணிவரை கடைகளில் விற்பனை இல்லை. எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாவில் 1897-ஆம் ஆண்டிலேயே பீர் காய்ச்சும் ஆலை நிறுவப்பட்டது. மொராக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரைச் சூழ்ந்த நிலங்களில் ஒயினுக்கென்றே திராட்சை பயிராகிறது. எனினும் முஸ்லிம்களாகிய மொராக்கோ மக்களுக்கு மது விற்றலாகாது என்று 1967-ஆம் ஆண்டு ஆணை கூறுகிறது.

பாகிஸ்தானத்தின் வரலாறு இன்னும் வியப்புடையது. அந்நாட்டில் 1860-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தொடங்கிய மர்ரி மதுவாலை இன்றும் ராவல்பிண்டியில் நடைபெறுகிறது. பிரதம மந்திரியாயிருந்த புட்டோ 1977-ஆம் ஆண்டில் முஸ்லிம்களுக்கு மதுவை விலக்கினார். 1979-ஆம் ஆண்டில் ஜியா உல்ஹக் அரசாங்கம் அவ்விலக்கைக் கடுமையாக்கியது. பிற சமயத்தாரோ அனுமதிச் சீட்டுப் பெற்று வாங்கலாம். ஈரானில் 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் மது முற்றும் விலக்கப்பட்டது. ஆங்குள்ள ஆர்மீனியர் முதலிய கிறிஸ்தவர் தம் இல்லங்களுக்குள் அருந்தலாம். வெளிநாட்டு வழிப்போக்கனுக்கு அச்சலுகையும் இல்லை. புருனை நாட்டில் 1991-ஆம் ஆண்டு முதல் மது விற்பனையே கிடையாது. ஆயினும் முஸ்லிமல்லாத பயணி சுங்க அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்து இரண்டு புட்டி மதுவும் பன்னிரண்டு டின் பீரும் தன் சொந்த உபயோகத்திற்காகக் கொண்டு செல்லலாம்.

ஒரே நாட்டிற்குள்ளும் சட்டம் மாறுதலுண்டு. துபாயும் சார்ஜாவும் ஒன்றையொன்று ஒட்டிய நகரங்கள். ஒன்றில் உறங்கி மற்றொன்றில் வேலை செய்வார் ஆயிரக்கணக்கினர். துபாயில் இருபத்தொரு வயது நிரம்பிய முஸ்லிமல்லாதார் உரிமைச் சீட்டுப் பெற்று மது வாங்கலாம். அச்சீட்டுக்குரிய கட்டணமும் மதுவின் மேலிருந்த நூற்றுக்கு முப்பது வீத வரியும் 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீக்கப்பட்டன. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வரிமட்டும் மீண்டும் விதிக்கப்பட்டது. சார்ஜாவிலோ மது முற்றும் விலக்கு. துபாயிற் சட்டப்படி வாங்கிய புட்டி சார்ஜாவின் எல்லையைத் தாண்டியவுடன் குற்றப்பொருளாகிவிடுகிறது. வண்டியோட்டுவோன் வாயில் மதுவின் வாடையும் இருத்தலாகாது என்பது அந்நாடு முழுமைக்கும் பொதுவிதி. கத்தார் நாட்டில் 2022-ஆம் ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டி தொடங்குவதற்கு இரண்டே நாள் முன்னர், விளையாட்டரங்குகளைச் சூழ்ந்த இடங்களிற் பீர் விற்பனை இல்லை என்று அறிவித்தனர். ஆகவே, சென்ற ஆண்டில் ஒரு நண்பன் சொன்ன செய்தியை நம்பி இவ்வாண்டில் நடப்பதும், ஒரு நகரத்து வழக்கத்தை மற்றொரு நகரத்திற்கு ஏற்றுவதும் பேதைமை.

இவை எல்லாவற்றினும் நமக்கு மிக அணிமையிலுள்ள சான்று மாலத்தீவு. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டடப் பொருள்களும் ஏற்றிய தோணிகள் மாலே துறைமுகத்திற்குச் செல்லும் வழக்கத்தை நம் தென்பாண்டி நாட்டார் நன்கறிவர். ஏறத்தாழ 1,200 தீவுகளுள் மக்கள் குடியிருப்பன 200 அளவே. கி.பி. 1153-இல் அந்நாட்டு அரசர் இஸ்லாத்தைத் தழுவினார் என்பது அவர்கள் வரலாறு. 2008-ஆம் ஆண்டு அரசியற் சட்டப்படி அந்நாட்டுக் குடிமக்கள் யாவரும் முஸ்லிம்களே. உல்லாசப் பயணிகளுக்கென முதல் விடுதித் தீவு 1972-இல் திறக்கப்பட்டது. அதன்பின் எழுந்த ஏற்பாடு எளியது: மக்கள் குடியிருக்கும் தீவுகளில் மது இல்லை, பயணிகளுக்கென்றே ஒதுக்கிய விடுதித் தீவுகளில் உண்டு. வெளியிலிருந்து மதுவைக் கொண்டு வருவானாயின், சுங்க அதிகாரிகள் அதனை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் திரும்பும்போது கொடுத்து அனுப்புவர்.

கடலே வேலியாக நின்று இரு வாழ்க்கைகளையும் பிரித்தமையால் அவ்வேற்பாடு பல்லாண்டுகள் சச்சரவின்றி நடந்தது. ஏறத்தாழ 2010-ஆம் ஆண்டிலிருந்து, மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் பெருகின. இது நல்ல மாறுதலே. செல்வரல்லாதார்க்கும் அந்நாட்டைக் காணும் வாய்ப்பு உண்டாயிற்று. தீவினருக்கும் வருவாய் கிடைத்தது. ஆனால் இப்போது பயணி தங்கும் தெருவும் பள்ளிவாசல் இருக்கும் தெருவும் ஒன்று. மாஃபுஷி போன்ற தீவுகளில் மது வேண்டுவோர் கரையினின்று விலகி நிற்கும் மரக்கலத்திற்குச் சென்று அருந்தி மீள்கின்றனர். சட்டம் அதற்கு இடங்கொடுக்கிறது. அருந்தியவன் தள்ளாடிக் கரையேறிக் குழந்தைகள் விளையாடும் தெருவிற் கூச்சலிட்டுச் செல்வானாயின், சட்டத்தைக் காத்து மரியாதையைக் கொன்றவன் ஆகிறான். கடல் வேலியாயிருந்த காலம்போய், விருந்தினனுடைய ஒழுக்கமே வேலியாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஈண்டு ஒரு தடை எழும். "வெளிநாட்டானுக்கு விடுதியில் விற்று வரி வாங்கிக்கொண்டு, சொந்தக் குடிகளுக்கு விலக்குவது போலி ஒழுக்கம் அன்றோ? போலியை நாம் ஏன் மதித்தல் வேண்டும்?" என்பது அது. இத்தடையில் ஓரளவு நியாயம் உண்டு. மதுவினால் வரும் பொருளை ஏற்றுக்கொண்டு மதுவைப் பழிப்பது எந்த அரசாங்கத்துக்கும் எளிதான நிலை அன்று. ஆயினும் இது முஸ்லிம் நாடுகளுக்கே உரியதென எண்ணுவது தவறு. நம் நாட்டிலேயே கூர்ச்சரம் 1960-இல் தனி மாகாணமாய்ப் பிரிந்த நாள்முதல் மதுவிலக்கு உடையது. வெளியிலிருந்து வரும் பயணிக்கு ஆங்கும் அனுமதிச் சீட்டு உண்டு. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இராஜாஜி அவர்களின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியதும், அது பின்னர் மாகாணம் முழுவதும் பரவியதும், 1971-இல் நிறுத்தப்பட்டதும் நாம் அறிந்தவை. ஒரு சமூகம் தான் நல்லதென நம்பும் ஒழுக்கத்துக்கும், தன்னிடம் வரும் விருந்தினனுடைய பழக்கத்துக்கும் இடையே ஒரு சமரசம் தேடுகிறது. அச்சமரசம் குறையுடையதாயிருக்கலாம். குறையைத் திருத்துவது அவ்வீட்டாரின் வேலை. அதனைக் காட்டி வீட்டு விதியை மீறுவது விருந்தினனுக்கு உரிமையாகாது.

விருந்தினனுடைய கோப்பை விருந்தினனோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சான்று உண்டு. சவூதி அரேபியாவில் 1951-ஆம் ஆண்டுவரை வெளிநாட்டார் மது அருந்துவதை அரசாங்கம் பொறுத்து வந்தது. அவ்வாண்டில் ஜித்தா நகரில் பிரித்தானிய உதவித் தூதர் ஒருவர் இல்லத்தில் நிகழ்ந்த விருந்தில், மது உண்ட அரசகுமாரர் ஒருவர், மேலும் மது மறுக்கப்பட்டமையாற் சினந்து துப்பாக்கியாற் சுட்டு அத்தூதரைக் கொன்றார். மன்னர் அப்துல் அஸீஸ் 1952-ஆம் ஆண்டில் வெளிநாட்டாருக்கும் சேர்த்து மதுவை விலக்கினார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்து, 2024-ஆம் ஆண்டு ஜனவரியிலேதான், தூதரகங்களைச் சார்ந்த முஸ்லிமல்லாதாருக்கென ரியாத் நகரில் ஒரு மதுக்கடை திறக்கப்பட்டது. அன்று அவ்விருந்தில் இருந்தோர் எவரும் ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றுகிறோம் என்று எண்ணியிரார். வீட்டுக்காரனை விருந்தினன் தன் கோப்பைக்கு அழைத்தபோது விளைந்தது இது.

இனி நாம் முதலிற் கூறிய விலையைப் பற்றிப் பேசுவோம். மதுவை முற்றும் விலக்கிய நாட்டில் மது இல்லாமற் போவதில்லை; அது மறைகிறது. மறைந்த பொருளுக்குச் சோதனை இல்லை, முத்திரை இல்லை, காய்ச்சினவன் யார் என்பதும் தெரியாது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் குவைத் நாட்டில் களவாகக் காய்ச்சிய மதுவை உண்டோர் சில நாட்களுக்குள் மருத்துவமனைகளில் வந்து குவிந்தனர். நஞ்சுண்டவர் தொகை 160 எனவும் இறந்தவர் தொகை 23 எனவும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அவர்களிற் பெரும்பாலோர் ஆசிய நாடுகளிலிருந்து பிழைக்கச் சென்றவர்கள். சிலர் உயிர் தப்பியும் கண்ணொளியை இழந்தனர். ஈரானில் 2020-ஆம் ஆண்டு, தொற்றுநோய்க் காலத்தில், மது நோயைத் தடுக்கும் என்ற பொய்ச் செய்தியை நம்பிக் குடித்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

மெதனால் என்பது மரச்சாராயம். நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் அதனைக் குடிக்கும் மதுவினின்று பிரித்தறிய இயலாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அவ்வமிலம் இரத்தத்தைக் கெடுத்துக் கண்ணின் நரம்பைத் தாக்குகிறது. உண்டவுடன் யாதும் தோன்றாது. ஏறத்தாழப் பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள்வரை கழிந்த பின்னரே தலைவலியும் வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சு வாங்குதலும் தொடங்கும். கண் முன்னே வெண்பனி பெய்வது போன்ற மங்கல் உண்டாகும். உரிய மாற்று மருந்தாலும் இரத்தத்தைச் சுத்திசெய்யும் டயாலிசிஸ் முறையாலும் பலரைக் காக்கலாம். ஆயின் ஒவ்வொரு மணியும் விலைமதிப்புடையது. இங்கேதான் சட்டத்தின் அச்சம் உயிரைக் கொல்லுகிறது. மருத்துவமனைக்குச் சென்றாற் போலீசார் வருவர், வேலை போகும், நாடு கடத்துவர் என்று அஞ்சி அறைக்குள் முடங்கிக் கிடப்பான் தொழிலாளி. விடியும்போது அவனுக்குக் கண் தெரியாது. அயல்நாட்டில் வேலை செய்யும் நம் நண்பர்கள் இவ்வொன்றை மறத்தலாகாது: உடன் தங்கியிருப்பவன் இக்குறிகளோடு கிடப்பானாயின், சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவனை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள்.

இது மதுவிலக்கின் குற்றம் என்று கூறி முடித்துவிடுவாரும் உளர். அவர்களுக்கு நம் விடை இரண்டு. துருக்கியில் மது விலக்கப்படவில்லை. அதன்மேற் பெருவரியே விதிக்கப்பட்டது. ஆயினும் 2024-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இஸ்தான்புல்லிலும் அங்காராவிலும் களவு மதுவால் இறந்தோர் பலர். நம் தமிழ்நாட்டிலோ அரசாங்கமே மது விற்கிறது. எனினும் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மெதனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். சட்டம் எவ்வாறிருப்பினும், ஏழைக்கு எட்டும் விலையில் விற்கும் கள்ளச் சாராயம் ஏழையையே கொல்லுகிறது. ஆதலின் பிற நாட்டைப் பழிக்க நமக்கு வாயில்லை. எந்நாட்டிலும் மறைவாணிகத்தை வாழவைப்பது வாங்குவோன் பணமே என்பதை மட்டும் இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

வழிப்போக்கன் ஒருவன் விலக்குள்ள ஊரில் இறங்கி, வாடகைவண்டி ஓட்டுவோனையோ விடுதியில் ஏவல் செய்வோனையோ தனியே அழைத்து, "ஒரு புட்டிக்கு வழியுண்டா?" என்று கேட்கிறான் என வைத்துக்கொள்வோம். அவனுக்கு அது ஒரு மாலைப்பொழுதின் விளையாட்டு. அகப்பட்டுக் கொண்டால் அவன் நாட்டுத் தூதரகம் உண்டு. திரும்பும் பயணச் சீட்டும் கையில் உண்டு. கேட்கப்பட்டவனோ பெரும்பாலும் வங்காளத்தானோ, நேபாளத்தானோ, நம் தமிழ்நாட்டானோ ஆவான். வட்டிக்குக் கடன் வாங்கி வேலைக்கு வந்தவன். மறுத்தால் வாடிக்கையை இழப்பான். உடன்பட்டால் சிறையையும் நாடுகடத்தலையும் ஏற்பான். முஸ்லிமாயிருப்பின் தன் சமயக் கட்டளைக்கும் மாறாகிறான். இத்தனையும் ஒருவன் நாவின் ஆசைக்காக. அன்றியும், அவன் கொடுத்த பணம் களவு வாணிகனுடைய அடுப்புக்கு விறகாகிறது. அவ்வடுப்பில் அடுத்து வடியும் சாராயம் தொழிலாளர் குடியிருப்பிற்குச் செல்லும். விலையைப் பிறனொருவன் கொடுக்கிறான் என்று நாம் கூறியதன் பொருள் இது.

சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளிலும் நாம் கருத்திற் கொள்ளத்தக்கன சில உள. முஸ்லிம் நண்பன் ஒருவன் குடிப்பவனா குடியாதவனா என்பதை நாமாக ஊகித்து அவன்முன் கோப்பையை நீட்டுதல் நாகரிகமன்று. குடியாதவனை வற்புறுத்துவது அவமதிப்பு. குடிப்பவனைக் கண்டு, "உன் மார்க்கம் எங்கே போயிற்று?" என்று நகைப்பது அதனினும் பெரிய அவமதிப்பு. சட்டமும் சமயமும் மனிதனுடைய தனி வாழ்வும் எல்லா நாட்டிலும் ஒன்றோடொன்று முற்றும் பொருந்தி நிற்பதில்லை. சாராயத்தை அராக் என வழங்கும் சொல்லும், அல்கஹால் என்னும் சொல்லும் அரபு மொழியிலிருந்தே உலகிற்குப் பரவின. முன்னதன் பொருள் வியர்வை. பின்னது கண்ணுக்கிடும் மையின் பெயரிலிருந்து வந்தது. மதுக்கிண்ணத்தை உவமையாக்கிப் பாடிய பாரசீகக் கவி உமார் கய்யாமைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் தமிழிற் பாடித் தந்திருக்கிறார். அக்கிண்ணம் உண்மை மதுவா, ஞானமாகிய மதுவா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். இத்துணை நீண்டதும் ஆழமுடையதுமான ஒரு நாகரிகத்தை, "குடிக்கலாமா, கூடாதா" என்னும் ஒரு வினாவால் அளந்துவிட முடியாது.

மதுவைத் தேடுவோன் இழப்பது ஒன்றும் உண்டு. அந்நாட்டு மக்கள் தம் விருந்தினனுக்கு மனமுவந்து அளிப்பது பிறிதொரு கோப்பை. அரபு நாடுகளில் ஏலம் மணக்கும் காப்பியைக் கைப்பிடியில்லாத சிறு கிண்ணத்திற் சிறிது வார்த்துப் பேரீச்சம்பழத்தோடு கொடுப்பர். போதும் என்பதற்கு அடையாளமாகக் கிண்ணத்தை இலேசாக அசைத்துக் காட்டல் வேண்டும், காட்டாவிடின் வார்த்துக்கொண்டேயிருப்பர். மொராக்கோவிற் புதினா இட்ட தேநீரை உயரத்தினின்று நுரை எழ ஊற்றுவர். துருக்கியில் இடை சிறுத்த கண்ணாடிக் குவளையிற் செந்தேநீர் நாள் முழுதும் வந்துகொண்டேயிருக்கும். மாலத்தீவின் தேநீர்க் கடைகளில் மீனும் தேங்காயும் அடைத்துப் பொரித்த ஹெடிகா என்னும் சிற்றுண்டிகளோடு மாலைப்பொழுது கழியும். விடுதியின் மதுக்கூடத்தில் அமர்ந்திருப்பவன் தன்னையொத்த வழிப்போக்கரையே காண்பான். இக்கோப்பைகளை ஏற்பவனே அந்நாட்டாரைக் காண்பான். நெடுந்தொலைவு சென்றதன் பயன் எது என்பதை அவரவரே முடிவு செய்யலாம்.

இதுகாறும் கூறியவற்றால் நாம் மதுவுக்குப் பரிந்து பேசினோமும் அல்லேம். பயணிகள் யாவரும் விரதம் பூணவேண்டும் என்று விதித்தோமும் அல்லேம். செல்லுமுன் அந்நாட்டின் சட்டத்தையும், அந்நகரத்தின் சட்டத்தையும், இடையில் இறங்கி ஏறும் நாட்டின் சட்டத்தையும் உரிய தூதரகத்தின் வாயிலாக அறிந்துகொள்க. விமான நிலையத்து வரியில்லாக் கடையில் வாங்கிய புட்டி எந்நாட்டிலும் செல்லும் என்று எண்ணற்க. இடங்கொடுத்தவிடத்து, கொடுத்த எல்லைக்குள், அமைதியாக அருந்துக. இல்லையேல் அருந்தாது விடுக. இடங்கொடாதவிடத்துக் களவு வழியைக் கேட்கவும் வேண்டா. உமக்காக மற்றொருவனைக் கேட்பிக்கவும் வேண்டா. மதுவுக்கு அடிமையாகாதவனைச் சில நாட்கள் மதுவின்றியிருத்தல் கொல்வதில்லை. களவு மது கொன்றவர் தொகையை மேலே கண்டோம்.

மாணவ நண்பர்களே, நீவிர் நாளை எந்நாட்டில் இறங்கினும், உமது நடையைக் கொண்டே உமது ஊரையும், உம்மைப் பயிற்றிய ஆசிரியரையும், உமக்குப் பின் வரும் தமிழரையும் ஆங்குள்ளார் மதிப்பிடுவர். பூட்டிய கதவை உடைத்து நுழைபவன் விருந்தினன் ஆகான். திறந்த கதவு வழியே சென்று, கொடுத்த இருக்கையில் அமர்ந்து, அவ்வீட்டு வேலைக்காரனுக்கும் தன்னால் ஒரு தீங்கு நேராமற் காப்பவனே விருந்தினன். அத்தகைய விருந்தினராக நம் கல்லூரியின் மாணவரும் பழைய மாணவரும் யாண்டும் விளங்குவாராக.